‘அனாபசிசு’: மேற்செலவு குறிக்கும் ஓர் அருஞ்சொல்லின் ஆட்சிகள்

ஆங்கிலத்தில் மேனோக்கிய இயக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பலவுள. அவற்றுள் பெரும்பாலானவை இலத்தீன் வழியாக வந்து, நாளும் வழங்கும் பொதுச்சொற்களாக நிலைபெற்றுவிட்டன. கிரேக்கத்தினின்று நேரே பெறப்பட்ட ‘அனாபசிசு’ என்னும் சொல்லோ அங்ஙனம் பெருவழக்குப் பெற்றிலது. வரலாற்று நூல்களிலும் மருத்துவத்தின் பழைய அகராதிகளிலும் இசையிலக்கண ஆராய்ச்சிகளிலும், ஒரோவழி இக்காலக் கவிதையிலுமே அதனைக் காண்கிறோம். ‘அன’ என்பது மேல்நோக்குதலை உணர்த்தும் முன்னொட்டு. ‘பசிசு’ என்பது அடியிட்டு நடத்தல் என்னும் பொருளுடைய வினையடியினின்று தோன்றிய பெயர். எனவே, மேலே செல்லுதல் என்பதே இச்சொல்லின் உறுப்புப் பொருளாம்.

இவ்வளவு தெளிவான உறுப்புப் பொருளையுடைய சொல் ஆங்கில அகராதிகளிற் பெறும் விளக்கம் வியப்புக்குரியது. அமெரிக்காவில் வெளிவரும் மெரியம்-வெபுசுடர் அகராதி, படை முன்னேறிச் செல்லுதல் என்று ஒரு பொருளும், இடரும் துன்பமும் மிக்க படைப் பின்வாங்கல் என்று மற்றொரு பொருளும் இதற்குத் தருகிறது. முன்னேறுதலும் பின்வாங்குதலும் ஒரே சொல்லின் பொருள்களாதல் எங்ஙனம்? ஏற்றம் குறித்த சொல் மீட்சியைக் குறிக்க வந்தது யாங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இச்சொல் ஒன்றிற்கு மட்டுமன்றி, மேல் கீழ் என்னும் இடப்பொருள் பற்றி வரும் சொற்கள் அனைத்திற்கும் பயன்படுமாதலின், இதன் ஆட்சிகளை ஈண்டு ஒருங்கு வைத்து ஆராய்வோம்.

செனபோனின் நூற்பெயர்

இச்சொல் நிலைபெற்றது ஏதென்சு நகரத்துச் செனபோன் இயற்றிய வரலாற்று நூலின் பெயராலேயே ஆம். பாரசீகப் பேரரசன் இரண்டாம் தாரியசின் இளைய மகனாகிய சைரசு, அரியணையிலிருந்த தன் தமையன் அர்த்தசெர்க்சசை வீழ்த்தக் கருதிக் கிரேக்கக் கூலிப்படைஞர் பதினாயிரவர்க்கு மேற்பட்டோரைத் திரட்டினான், கி.மு. 401-இல் சார்திசு நகரினின்று உள்நாடு நோக்கிப் புறப்பட்டான். பாபிலோனுக்கு அண்மையிற் குனாக்சா என்னுமிடத்தில் நடந்த போரிற் சைரசு மாண்டான். பின்னர்ப் படைத்தலைவர் ஐவர் வஞ்சனையாற் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். தலைவரை இழந்த கிரேக்கர், செனபோன் உள்ளிட்ட புதிய தலைவரைத் தேர்ந்து, தைகிரிசு ஆற்றை ஒட்டி வடக்கே சென்று, ஆர்மீனிய மலைநாட்டைப் பனிக்காலத்திற் கடந்து, கி.மு. 400-இல் கருங்கடற் கரையிலுள்ள திரபெசசு நகரை அடைந்தனர்.

நூல் ஏழு பகுதிகளாக உள்ளது. அவற்றுள் ‘மேலே செல்லுதல்’ என்னும் பெயர் பொருந்துவது முதற் பகுதி ஒன்றிற்கே. அடுத்து வருவன கடலை நோக்கிய மீட்சியையும், கடற்கரையை ஒட்டிய பயணத்தையும், திரேசு நாட்டு நிகழ்ச்சிகளையும் கூறுவன. கிரேக்க மொழியில் இம்மீட்சிக்குரிய சொல் ‘கதாபசிசு’ என்பது. கீழே செல்லுதல் என்பது அதன் பொருள். இறுதிப் பகுதியின் முடிவில், ஏறிச்சென்றதும் இறங்கிவந்ததுமாகிய முழுவழிக்கும் ஆன காலம் ஓராண்டும் மூன்று திங்களும் எனத் தொகைக் குறிப்பு ஒன்று காணப்படுகிறது. அக்குறிப்பு இரு சொற்களையும் வேறு பிரித்தே ஆள்கின்றது. ஆயினும் நூல் முழுவதற்கும் முதற்பகுதியின் பெயரே அமைந்துவிட்டது. கற்போர் உள்ளத்திற் பதிந்ததோ முதற் பகுதியன்று; பனியிலும் பசியிலும் பகைவர் நடுவிலும் நடந்த மீட்சியே ஆம். பெயர் ஒன்றிற்கும் நினைவு மற்றொன்றிற்கும் உரியவாகவே, காலப்போக்கில் நினைவு பெயரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. அகராதியிற் காணும் பின்வாங்கற் பொருள் இவ்வாறு தோன்றியதே.

மேல் என்பது எது?

இத்துடன் அமைந்துவிடின், நூற்பெயர் ஒன்றனால் விளைந்த பொருள் மாற்றம் இது என்று கூறி நிறுத்திவிடலாம். ஆனால் வழியின் நிலவியல்பை நோக்குமிடத்து வேறோர் உண்மை புலனாகின்றது. சைரசின் படை ஆசியா மைனரின் மேட்டுநிலத்தைக் கடந்து, யூப்ரதீசு ஆற்றை ஒட்டிச் சென்று, பாபிலோனியச் சமவெளியில் முடிவெய்தியது. அச்சமவெளி கடல்மட்டத்தினின்று நூறு மீட்டரினும் குறைந்த உயரமுடையது. இறங்கி வந்ததாகக் கூறப்படும் மீட்சி வழியோ, பெரும்பகுதி 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய ஆர்மீனிய மலைநாட்டின் ஊடே சென்றது. அளவுகோல் கொண்டு அளப்பின், ‘ஏற்றம்’ தாழ்நிலத்தில் முடிந்தது. ‘இறக்கம்’ மலைமேல் ஏறியது.

எனவே செனபோன் காலத்திலேயே இச்சொல் உயரத்தைக் குறித்திலது என்பது தேற்றம். கடலை வாழ்வின் நடுவாகக் கொண்ட கிரேக்கர்க்குக் கடற்கரை கீழ். கரையினின்று விலகிய உள்நாடு மேல். அன்றியும் பாரசீகப் பேரரசன் உறையும் இடம் அவ்வுள்நாட்டில் இருந்தது. நூலின் முதல் அதிகாரத்திலேயே, தந்தை அழைத்த காலத்துச் சைரசு அவன்பாற் சென்றமை இவ்வினைச்சொல்லாற் கூறப்படுகிறது. அலெக்சாந்தருக்குப் பிற்பட்ட காலத்துப் பேரரசின் கிழக்கு மாநிலங்கள் ‘மேல் மாநிலங்கள்’ என வழங்கியதும் இந்நோக்கினாலேயே ஆம். ஆகவே, இச்சொல்லில் அமைந்த ‘மேல்’ சொல்லுவோன் நிற்கும் இடத்தை உட்கொண்டது. நிற்கும் இடம் மறக்கப்படின் சொல்லின் பொருளும் திரியும்.

பாண்டியர் பற்றிய மெகசுதனிசின் குறிப்பைத் தம் ‘இந்திகே’ நூலிற் காத்துத் தந்தமையால் தமிழாராய்ச்சியாளர் நன்கறிந்த அர்ரியன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதி, அதற்கும் இப்பெயரையே இட்டார். செனபோனைப் பின்பற்றி அதனையும் ஏழு பகுதிகளாக்கினார். அலெக்சாந்தர் கி.மு. 334-இல் ஆசியாவிற் புகுந்து, கி.மு. 326-இல் பியாசு ஆற்றங்கரையினின்று திரும்பினான். ஈண்டும் கடற்கரையினின்று உள்நாடு செல்லுதல் என்னும் பழம்பொருள் பொருந்துமாயினும், பெயரைத் தந்தது நிலவியல்பு அன்று. முன்னோர் நூலின் புகழே. சொல் இடத்தினின்று விலகி இலக்கிய மரபாக மாறிய முதற்படி இது எனலாம்.

தமிழிற் காணும் ஒப்புமை

கிரேக்க வினையடியின் ஏனைய ஆட்சிகளை நோக்குவார்க்குத் தமிழின் ‘ஏறு’ என்னும் வினை உடன் நினைவுக்கு வரும். கிரேக்கத்திற் கப்பலில் ஏறுதலும், குதிரைமீது ஏறுதலும், வழக்குமன்றத்திற் பேசுவோன் மேடைமீது ஏறுதலும் அவ்வினையாலேயே உரைக்கப்படும். தமிழிற் கப்பலேறுதல், குதிரையேற்றம், அரங்கேற்றம் என்பன அவற்றிற்கு நேராவன. தமிழ் மேலும் ஒருபடி சென்று, உயரம் சிறிதும் இல்லாத இடங்களிலும் இவ்வினையை ஆள்கின்றது. குடியேறுதல், வெளியேறுதல், முன்னேறுதல் என்பவற்றுள் உயர்வு யாண்டுளது? ஓர் எல்லையைக் கடந்து புதுநிலை எய்துதலே அவற்றின் பொதுப்பொருளாகக் காண்கிறோம். கரையேறுதல் என்பதோ நீரினின்று நிலத்தை அடைதல். கிரேக்கரின் நோக்கிற்கு மிக அணித்தாகிய ஆட்சி அது.

திசைப்பெயர்கள் இதனினும் சிறந்த சான்றாகும். மேற்கு, கிழக்கு என்பன மேல், கீழ் என்னும் அடிகளினின்று தோன்றியவை. மேற்றிசையில் மலைத்தொடரும் கீழ்த்திசையிற் கடலும் உடைய தமிழ்நிலத்திற்கு அவை முற்றும் பொருந்துவன. இதனைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டினார். மலையாளத்திலும் ‘கிழக்கு’ என்னும் சொல்லே அத்திசையைக் குறிக்கின்றது. அந்நாட்டிலோ மலை நிற்பது கிழக்கில். கடல் கிடப்பது மேற்கில். சொல் கீழ் என்று கூற, நிலம் மேலாக உயர்ந்து நிற்கின்றது. இதனைக் கொண்டு கால்டுவெல் மக்கட் பெயர்ச்சி பற்றிச் செய்த முடிபு தனியே ஆராயத்தக்கது; ஈண்டு நாம் அதனுட் புகவில்லை. சொல்லொன்று தான் பிறந்த நிலத்தின் நோக்கைத் தன்னுள் பொதிந்துகொண்டு, அந்நோக்கிற்கு மாறான நிலத்திலும் வழங்குதல் கூடும் என்பதே நமக்கு வேண்டுவது. பாபிலோனியச் சமவெளிக்கு ‘ஏறி’ச் சென்ற கிரேக்கப் படையும், மலையோங்கிய திசையைக் ‘கிழக்கு’ என்னும் மலையாளமும் ஒரே உண்மைக்கு இரு சான்றுகள்.

புறத்திணை இலக்கணத்தில் வஞ்சி என்பது பகைவர்மேற் படையெடுத்துச் செல்லுதல். அதனை மேற்செல்லுதல் என்னும் வாய்பாட்டால் விளக்குதல் நம் மரபு. செனபோனின் முதற் பகுதியில் நிகழ்வதும் இதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வஞ்சியில் வரும் ‘மேல்’ பகைவரைச் சார்ந்து நிற்பது. கிரேக்கச் சொல்லில் வரும் ‘மேல்’ கடற்கரையைச் சார்ந்து நிற்பது. வடிவால் ஒன்றுபட்டு நோக்கால் வேறுபட்ட இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது.

பிற துறைகளில் இச்சொல்

மருத்துவத்தில், நோயின் போக்கைத் தொடக்கம், ஏற்றம், உச்சம், தணிவு எனப் பகுத்த காலென் முதலியோர், நோய் மிகுந்து வரும் நிலையை இச்சொல்லாற் குறித்தனர். அவ்வழியே ஆங்கில மருத்துவ அகராதிகளிலும் இது புகுந்தது. ஏறுவது ஈண்டு நோய்; நோயாளியின் நலமோ இறங்குகின்றது. காய்ச்சல் ஏறுகிறது என்னும் நம் வழக்கு இதனோடு ஒத்தது.

மெய்யியலிற் பிளேட்டோ, தம் ‘குடியரசு’ நூலின் ஏழாம் பகுதியிற் குகை உவமையை விளக்குங்கால், உயிர் அறிவுலகிற்கு உயர்தலை இச்சொல்லாற் குறிக்கின்றார். அந்நூல் தொடங்குவதோ கீழே சென்றேன் என்னும் பொருளுடைய ஒரு வினைமுற்றால். ஏதென்சினின்று துறைமுகத்திற்குச் சென்றதையே அது கூறுகின்றது. கடல் கீழ் என்னும் பொது வழக்கும், அறிவு மேல் என்னும் மெய்யியற் கருத்தும் ஒரே நூலிற் சந்திக்கக் காண்கிறோம்.

இசைத்துறையில் அதனாசியசு கிர்கர் 1650-இல் வெளியிட்ட தம் இசைநூலில், உயர்வும் மேன்மையும் தோன்றும் சொற்களுக்கு ஏற்பச் சுரங்கள் மேலேறி வருதலை ‘அனாபசிசு’ என்றும், தாழ்வும் துயரும் தோன்றும் இடத்துக் கீழிறங்குதலைக் ‘கதாபசிசு’ என்றும் பெயரிட்டார். இது நம் ஆரோகணம் அன்று. ஆரோகணம் பண்ணின் சுரவரிசை. கிர்கர் கூறுவது சொற்பொருளை இசை தானும் உணர்த்துமாறு அமைக்கும் ஓர் அணி. இவ்வேறுபாட்டை மறந்து மொழிபெயர்ப்பின் நூற்கருத்தே பிறழும்.

வானிலை நூலார் பகலிற் சரிவு வெப்பமுறுதலால் மலைமேல் ஏறி வீசும் காற்றிற்கு இவ்வினையடியினின்றே பெயர் அமைத்தனர். இரவிற் குளிர்ந்து இறங்கும் காற்றிற்கு இதன் எதிர்ச்சொல்லினின்று அமைத்தனர். இச்சொல்லின் ஆட்சிகளுள் உயரம் உள்ளபடியே பொருந்துவது இதுவே எனலாம்.

விலங்கியலிலும் இவ்வினையடி உண்டு. அதன் வரலாறு தமிழ்நாட்டோடு தொடர்புடையது. தேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் தால்தோர்பு என்பார் 1791-இல், நீர்நிலைக்கு அருகே நின்ற பனைமரத்தின்மேல் மீன் ஒன்றைக் கண்டு பிடித்ததாக எழுதிய குறிப்பு, இலண்டன் இலின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் 1797-இல் வந்தது. தமிழர் ‘பனையேறி’ என அழைக்கும் அம்மீனின் பேரினத்திற்குப் பின்னர் ‘அனபாசு’ என்னும் கிரேக்கப் பெயர் இடப்பட்டது. இம்மீன் மரமேறும் என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர். பறவைகள் கவ்விச் சென்று மரத்திலிட்டவையாகலாம் என்றும் கூறினர். செவுள்மூடிகளின் துணையால் நிலத்தில் நகர்ந்து ஒரு நீர்நிலையினின்று மற்றொன்றிற்குச் செல்வது மட்டும் உறுதிப்பட்டது. மரமேறுதல் ஐயத்திற்குரியதாக, கரையேறுதல் நிலைபெற்றது, பெயர் பிழையாயிற்றா? நீர்விளிம்பினின்று உள்நிலம் புகுதல் என்னும் செனபோன் காலத்துப் பொருளை நோக்கின், அம்மீனுக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை!

இக்காலப் போக்கு

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் மீண்டும் உயிர்பெற்றது. 1918 முதல் 1920 வரை உருசியாவிற் சிக்கிய செக்கோசுலோவாக்கியப் படைப்பிரிவினர், சைபீரிய இருப்புப்பாதை வழியே விளாதிவசுத்தோக்குத் துறைமுகத்தை அடைந்து கடல்வழியாகத் தாயகம் திரும்பியதைச் செக்கு மக்கள் இப்பெயராற் குறித்தனர். ஈண்டு மேல் என்னும் பொருள் முற்றும் மறைந்து, பகைப்புலத்தின் ஊடே செய்த நெடிய மீட்சி என்பதே எஞ்சியது. யாரோசுலாவ் அசெக்கு தம் ‘சுவைக்கு’ என்னும் அங்கத நாவலில், தன் படைப்பிரிவைச் சேரப் புறப்பட்ட வீரன் வழிதவறிச் சுற்றித் திரியும் பகுதிக்கு இப்பெயரை நகைச்சுவையாக இட்டார். பிரெஞ்சுக் கவிஞர் சேன்சான் பெர்சு 1924-இல் தம் நெடும்பாட்டிற்கு இதனையே தலைப்பாக்கினார். அதனை எலியட்டு 1930-இல் ஆங்கிலத்தில் தந்தார். செருமன் மொழிக் கவிஞர் பவுல் செலானின் 1963-ஆம் ஆண்டுத் தொகுதியிலும் இப்பெயருடைய பாட்டு ஒன்று உண்டு. இவ்விருவரும் ஒரே தலைப்பைக் கொண்டமையை அலன் பதியு 2005-இல் வெளிவந்த தம் நூலில் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார். இவ்விடங்களில் இச்சொல் உணர்த்துவது ஏற்றமும் அன்று, மீட்சியும் அன்று. வழியறியாது தொடங்கி, நடந்தே வழியைக் காணுதல் என்னும் கருத்தே ஆம்.

தமிழாக்கம் பற்றி

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் நெறி கலைச்சொல்லாக்கத்திற் பெரிதும் போற்றப்படுகிறது. அறிவியற் பாடநூல்களில் அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் ‘அனாபசிசு’ போன்ற சொல்லுக்கு அந்நெறி பொருந்தாமையை மேலே கண்ட ஆட்சிகள் காட்டும். ஏற்றம் என்னும் ஒரே சொல்லை யாண்டும் இடுவோமாயின், செனபோனின் படை மலையேறியதாகவும், கிர்கரின் அணி சுரவரிசையாகவும் மாணவர் கருத நேரும். விவிலியத் தமிழாக்கத்தில் 120 முதல் 134 வரையுள்ள பாடல்களின் தலைப்பு ‘ஆரோகண சங்கீதம்’ என அமைந்துள்ளது. எருசலேமுக்கு ஏறிச் செல்லுதல் பற்றியது அத்தலைப்பு என்பது பலர் கொள்கை. இசைப்பயிற்சியுடைய தமிழரோ அதனைச் சுரவரிசை பற்றியதாகக் கொள்ளுதல் எளிது. தலைப்பிலுள்ள இரு சொற்களும் இசைக்குரியனவாதலின், மயக்கம் மேலும் மிகுகின்றது.

ஆதலின் ஆட்சி நோக்கிச் சொல் வேறுபடுத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நூற்பெயர்க்கு ‘உள்நாட்டுச் செலவு’ எனலாம். படையெடுப்பே சிறந்து நிற்கும் இடத்து ‘மேற்செலவு’ எனலாம். மருத்துவத்திற்கு ‘நோயேற்றம்’, காற்றிற்கு ‘மலையேறு காற்று’, இசைக்கு ‘ஏறிசையணி’, பின்வாங்கற் பொருளுக்கு ‘மீள்செலவு’ என்பன பொருந்தும். இவற்றுட் ‘செலவு’ என்பதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. செலவழுங்குதல் என்னும் அகத்துறையைப் பயின்றார்க்கு அது பயணமே. ஏனையோர்க்கு இன்று அது பணம் போக்குதல். நம் சொல்லும் தான் நின்ற இடத்தினின்று நகர்ந்துளது. ஆகலின் முதன்முறை ஆளுங்காற் பொருள் கூறிவிடுதல் நன்று.

மேல் என்று ஒரு சொல் கூறுமாயின், எதனின்று மேல், யார் நோக்கில் மேல் என வினவிய பின்னரே அதற்குப் பொருள் எழுதுதல் வேண்டும். கிரேக்கச் சொல்லொன்றின் வரலாற்றால் நாம் பெற்ற இம்முறையை, மேல், கீழ், உள், புறம், அகம் என இடம் பற்றித் தோன்றிப் பிறபொருள் எய்திய தமிழ்ச் சொற்கள்மேலும் செலுத்தி ஆராய்தல் தகும். ஒவ்வொன்றையும் முதலில் ஆண்டவர் எந்நிலத்தில் எத்திசை நோக்கி நின்றனர் என்பதை இலக்கியச் சான்றுகளாலும் கல்வெட்டுச் சான்றுகளாலும் துணிதல் ஆய்வு மாணவர்க்குரிய நற்பணியாகும்.